நிலைமின்னிறக்கம்: சிறு மின்னணுக் கூடத்தில் கட்டுப்படுத்துவதும் சோதிப்பதும்

போர்டைத் தொட்டபோது கையில் எதுவும் சுருக்கென்று படவில்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் பல கூடங்கள் ஓடுகின்றன. நிலைமின் பாய்வதை மனித உடல் உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. சில்லுகளில் சிலவற்றைக் கெடுக்க 100 வோல்ட்டே போதும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நடக்கிற சேதம் எதையும் நம் உடல் நமக்குச் சொல்லாது. கருவிதான் சொல்ல வேண்டும்.

இந்த வழிகாட்டி பத்து முதல் முப்பது பேர் வரை வேலை செய்யும் போர்டு தயாரிப்புக் கூடங்களுக்கும் பழுதுபார்க்கும் கூடங்களுக்கும் எழுதப்படுகிறது. ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களில் இப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. பெரிய தொழிற்சாலைகளில் இஎஸ்டி எனப்படும் நிலைமின்னிறக்கத்துக்கென்றே ஓர் ஆளை நியமித்திருப்பார்கள். சிறு கூடங்களில் மேசைமேல் ஒரு பச்சை மேட் இருக்கும், அதன் கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. செலவு செய்கிற வரிசையும் பெரும்பாலும் தலைகீழ்: முதலில் பணியாளர் அணியும் நீலக் கோட்டு, பிறகு தரைப் பூச்சு, பிறகு அயனியாக்கி (காற்றில் அயனிகளை விட்டு மின்னூட்டத்தை நீக்கும் கருவி), சுவரில் இருக்கும் எர்த் மட்டும் கடைசிவரை சோதிக்கப்படாமலே கிடக்கும். கீழே உள்ள வரிசை நான் பரிந்துரைக்கும் வரிசை. வரம்பு எண்கள் ஆன்சி/இஎஸ்டி எஸ்20.20 தரநிலையைச் சார்ந்தவை. 1999-இல் வெளிவந்த அந்தத் தரநிலை 2007, 2014, 2021 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. ஏற்றுமதி வாடிக்கையாளர் ஐஇசி 61340-5-1 என்ற சர்வதேசத் தரநிலையைக் கேட்டாலும் வேலை பெரும்பாலும் இதேதான்.

முதலில்: சேதம் எப்படி நடக்கிறது

இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது மின்னூட்டம் இடம்பெயர்கிறது. நாற்காலியிலிருந்து எழுவது, தரையில் நடப்பது, ஒட்டும் டேப்பைப் பிரிப்பது எல்லாம் இந்த வகைதான். சேதம் இரண்டு வழிகளில் வருகிறது.

ஒன்று, மின்னூட்டம் ஏறிய மனிதர் சில்லைத் தொடுவது. சோதனைக்கூடங்களில் மனித உடலை 100 பிகோ ஃபாரட் மின்தேக்கியாகவும் அதற்குத் தொடராக 1,500 ஓம் தடையாகவும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். 3,000 வோல்ட் ஏறிய உடல் விரல்நுனி வழியாக நொடிப்பொழுதுக்கு 2 ஆம்பியர் வரை தள்ளக்கூடியது என்று இந்தக் கணக்கு காட்டுகிறது.

மற்றொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சில்லே மின்னூட்டம் பெறலாம். பிளாஸ்டிக் குழாயிலிருந்து வழுக்கி வரும்போதோ பக்கத்தில் மின்னூட்டம் ஏறிய பிளாஸ்டிக் இருக்கும்போதோ அதன் மின்னழுத்தம் உயர்ந்துவிடுகிறது. பிறகு அதன் கால் ஓர் உலோகத்தைத் தொட்ட கணத்தில், நானோ விநாடிக்கும் குறைவான நேரத்தில், எல்லாம் வெளியே பாய்கிறது. தானியங்கி இயந்திரங்கள் பெருகிவிட்ட இன்றைய கூடங்களில் இந்த வகையை மனிதக் கைக்கு இணையாகக் கவனிக்க வேண்டும். இதற்கு மணிக்கட்டில் கட்டி எர்த்துடன் இணைக்கும் பட்டையான ரிஸ்ட் ஸ்ட்ராப் உதவாது. மேசையை வெறும் எஃகுத் தகடாக வைக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: மின்னூட்டம் வெளியேற வேண்டும், ஆனால் மெதுவாக வெளியேற வேண்டும்.

படி 1: எல்லை வரையுங்கள்

கூடம் முழுவதையும் பாதுகாக்க வேண்டியதில்லை, முயன்றால் எதுவும் உருப்படியாக நடக்காது. சில்லுகளும் போர்டுகளும் உறையிலிருந்து வெளியே எடுக்கப்படும் இடங்களை மட்டும் கண்டுபிடித்து, தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, பலகை வைத்துவிடுங்கள். எல்லைக்குள் உறை திறக்கலாம். வெளியே திறக்கக்கூடாது. பொருள் வரவு சரிபார்க்கும் மேசையையும் விற்பனைக்குப்பின் திரும்பி வரும் போர்டுகளை வைக்கும் அலமாரியையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள். அந்த இரண்டும்தான் பெரும்பாலும் விடுபடுகின்றன.

படி 2: எர்த்

இதற்குப் பிறகு சொல்லப்போகும் எல்லாமே ஒரே ஒரு பச்சைக் கம்பியை நம்பியிருக்கின்றன. அது எங்கும் இணைக்கப்படாமல் சுவருக்குள் முடிந்திருந்தால் மேட், ஸ்ட்ராப், தரை எல்லாம் வெறும் அலங்காரம்.

முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் வர வேண்டும். நியூட்ரல்–எர்த் அளவு துல்லியமாகப் பூஜ்ஜியம் என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் உங்கள் கருவிகளின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர் வோல்ட் காட்டுவதால் மட்டும் எர்த் நல்லது என்று முடிவுசெய்ய முடியாது, ஏனென்றால் அது மிகச் சிறிய மின்னோட்டத்தில் அளக்கிறது. துருப்பிடித்த இணைப்புகூட அதில் தேறிவிடும். எர்த் பாதையின் தடையை அளக்கும் லூப் இம்பீடன்ஸ் டெஸ்டர் வைத்திருக்கும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மேசையின் எர்த் முனையிலிருந்து பிரதான எர்த் வரை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

"இஎஸ்டிக்குத் தனி எர்த் குழி வெட்ட வேண்டும்" என்று சொல்வோர் உண்டு. கரியும் உப்பும் போட்டுத் தனியாகக் குழி வெட்டி, அதைக் கட்டடத்தின் எர்த்துடன் இணைக்காமல் விட்டால், சால்டரிங் நிலையத்தின் எர்த்துக்கும் மேட்டின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உருவாக வழி செய்கிறீர்கள். நாம் தவிர்க்க நினைத்ததே அதுதான். கருவிகளின் எர்த்தையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது நல்லது. தனிக் குழி ஏற்கெனவே இருந்தால் இரண்டையும் பிணையுங்கள்.

படி 3: காசில்லாமல் செய்யக்கூடியது

மேசைமேல் இருக்கும் காப்புப்பொருள்களை அகற்றுங்கள். தெர்மாகோல், பபிள் ராப், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், தேநீர்க் கோப்பை, வேலைத்தாளைப் போட்டு வைக்கும் பளபளப்பான பிளாஸ்டிக் உறை, கைபேசியின் உறை. இவற்றை எர்த்துடன் இணைத்துப் பயனில்லை, காப்புப்பொருளில் மின்னூட்டம் ஏறிய இடத்திலேயே தங்கிவிடும். தூர எடுத்துப் போவதே வழி.

வேலைக்குத் தேவைப்படுவதால் அகற்ற முடியாத பிளாஸ்டிக்கை நிலைமின் புல மீட்டரால் அளக்க வேண்டும். பெரும்பாலான கையடக்க மீட்டர்கள் 1 அங்குலத் தூரத்தில் சரியாகக் காட்டும்படி அளவீடு செய்யப்பட்டவை. அரை அங்குலத்தில் பிடித்தால் எண் பொய். 2,000 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பொருள் போர்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். 125 வோல்ட்டுக்கு மேல் என்றால் 2.5 செ.மீ. போதும். சும்மா கிடக்கும்போது அளக்காதீர்கள். டேப் பிரிக்கும்போது, உறையை உருவும்போது, துடைக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

இங்கே ஈரப்பதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய அமெரிக்க ராணுவக் கையேட்டின் அட்டவணை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: வினைல் தரையில் நடப்பவர் உடலில், ஈரப்பதம் 10–20 சதவீதமாக இருக்கும்போது 12,000 வோல்ட் வரை ஏறலாம், 65–90 சதவீதத்தில் 250 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. "சென்னைக் காற்றில் நிலைமின்னா?" என்று கேட்பவர்கள் இதைத்தான் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். கூடத்துக்குள் ஏசி ஓடுகிறது, அது காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். தவிர, 250 வோல்ட்டும் 100 வோல்ட்டைவிட அதிகம்தான். ஈரப்பதமானியை மாட்டுங்கள், எண்ணைக் குறித்து வையுங்கள், ஆனால் அதை நம்பி வேறு எதையும் கைவிடாதீர்கள்.

படி 4: மேசை

சாதாரண இஎஸ்டி மேட் இரண்டு அடுக்கு ரப்பர். மேலே பச்சை அல்லது நீல நிறத்தில் மெதுவாகக் கடத்தும் அடுக்கு, கீழே நன்றாகக் கடத்தும் கறுப்பு அடுக்கு. மேற்பரப்பிலிருந்து எர்த் வரை தடை 1 ஜிகா ஓமுக்குள், அதாவது 100 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டும். மின்னூட்டம் ஏறிய சில்லின் ஆபத்தை மனத்தில் வைத்தால் 1 மெகா ஓமுக்குக் கீழேயும் போகக்கூடாது.

ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொது எர்த் முனையம் வைத்து, மேட், ரிஸ்ட் ஸ்ட்ராப் இரண்டையும் தனித்தனிக் கம்பியாக அதில் இணையுங்கள். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலி போட்டால், முதல் மேசையில் ஒரு ஸ்னாப் (கம்பியை மாட்டும் அழுத்துப் பொத்தான்) கழன்றவுடன் வரிசை முழுவதும் எர்த்தை இழக்கும். யாரும் அறியமாட்டார்கள்.

சால்டரிங் இரும்புக்கு மூன்று பின் பிளக் கட்டாயம். கடைத்தெருவில் கிடைக்கும் இரண்டு பின் மலிவு இரும்பு இந்த எல்லைக்குள் நுழையவே கூடாது. நுனியிலிருந்து எர்த் வரையிலான தடை பயன்பாட்டில் 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். நுனி கறுத்திருந்தால் ஆக்சைடு காரணமாக அளவு தவறாக வரும், ஈயம் பூசிப் பளபளப்பாக்கிவிட்டு அளக்கவும்.

படி 5: மனிதர்

உட்கார்ந்து வேலை செய்பவர் ரிஸ்ட் ஸ்ட்ராப் அணிந்தே ஆக வேண்டும். தரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, நாற்காலியில் உட்கார்ந்தவர் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டால் தரைத்தொடர்பு போய்விடும்.

ஸ்ட்ராப் தோலைத் தொட வேண்டும். சட்டைக் கைமேல் கட்டுவது பயனற்றது. நம் ஊரில் கண்ணாடி வளையல்களும் கோயில் கயிறும் ஸ்ட்ராப்பைத் தோலிலிருந்து தூக்கிவிடுகின்றன. வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, அவற்றுக்குக் கீழே, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டச் சொன்னால் போதும். கழற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை. புடவை முந்தானையும் துப்பட்டாவும் கோட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும். பாலியஸ்டர் முந்தானை போர்டின்மேல் உரசுவதை ஸ்ட்ராப் தடுக்காது. பொத்தான் போடாத கோட்டும் தடுக்காது.

கம்பியின் உள்ளே 1 மெகா ஓம் தடை இருக்கிறது. தவறுதலாக 230 வோல்ட்டைத் தொட்டாலும் ஸ்ட்ராப் வழியாகக் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே பாயும்படி அது பார்த்துக்கொள்கிறது. யாராவது அந்தத் தடையை வெட்டியெறிந்து நேராகக் கம்பி போட்டிருந்தால், அந்த ஸ்ட்ராப்பை அன்றே குப்பையில் போடுங்கள். உயர் மின்னழுத்தம் திறந்திருக்கும் சோதனை மேசையில், தடை இருந்தாலும், ஸ்ட்ராப் அணியக்கூடாது.

தினசரிச் சோதனை இப்படி:

1. வேலைக்கு வந்து ஸ்ட்ராப்பைக் கட்டிய பிறகு, கட்டிய நிலையிலேயே ஸ்ட்ராப் டெஸ்டரில் சோதிக்கவும். மனிதர், பட்டை, கம்பி மூன்றும் சேர்ந்த மொத்தத் தடை 35 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும். பல டெஸ்டர்கள் 750 கிலோ ஓமுக்குக் கீழேயும் தோல்வி காட்டும், அது உள்தடை பழுதானதன் அறிகுறி.

2. டெஸ்டரின் பொத்தானை அழுத்தியபடியே கம்பியை ஸ்னாப் அருகில் மெல்ல ஆட்டி இழுத்துப் பார்க்கவும். கம்பிகள் பெரும்பாலும் அங்கேதான் உள்ளுக்குள் அறுகின்றன. அசையாமல் சோதித்தால் அறுந்த கம்பியும் தேறிவிடும்.

3. தோல்வி என்றால் மூன்றையும் பிரித்துப் பார்க்கவும். கம்பியை மட்டும் மல்டிமீட்டரில் அளந்தால் 1 மெகா ஓம் பக்கம் வர வேண்டும். கம்பி சரியென்றால், மணிக்கட்டில் ஒரு துளி தண்ணீர் தடவி மறுபடி சோதிக்கவும். இப்போது தேறினால் குற்றம் தோலின் வறட்சியில். அதற்கு இஎஸ்டி லோஷன் இருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவரும் கைக்கிரீம் வேண்டாம், அதன் எண்ணெய்ப் பசை போர்டில் படிந்து சால்டர் ஒட்டாமல் செய்யும்.

4. முடிவை அப்போதே பதியவும்.

முடிவைப் பதியும் இந்த நான்காவது வேலையில்தான் எல்லா அமைப்பும் ஓட்டையாகிறது. மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்ட பதிவேடுகளைப் பார்த்த எந்தத் தணிக்கையாளரும் மீதி ஆவணங்களைப் படிக்க மாட்டார். தோல்வியே இல்லாத பதிவேடும் சந்தேகத்துக்குரியதுதான். இருபது பேர் ஓராண்டு முழுக்கச் சோதித்தால் நான்கைந்து கம்பியாவது அறுந்தே தீரும்.

டெஸ்டரையும் சோதிக்க வேண்டும். 500 கிலோ ஓம், 1 மெகா ஓம், 50 மெகா ஓம் தடைகளைச் சிறு பெட்டிக்குள் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை மூன்றையும் மாட்டிப் பார்த்தால், இரண்டு தோல்வியும் நடுவில் ஒரு தேர்ச்சியும் வர வேண்டும்.

படி 6: காலும் தரையும்

நின்றும் நடந்தும் வேலை செய்பவர்களுக்குக் கம்பி ஒத்துவராது, தரையும் காலணியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்ய வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருப்பதால், உள்ளே இஎஸ்டி செருப்புக்கு மாறச் சொல்வது எளிது. செருப்புக்குப் பதில், சொந்தக் காலணியின்மேல் கட்டும் குதிகால் பட்டையைப் பயன்படுத்தினால் இரண்டு காலிலும் கட்ட வேண்டும். ஒரு காலில் மட்டும் கட்டினால் அந்தக் கால் தூக்கும்போதெல்லாம் தொடர்பு அறும். பட்டையின் நாடா சாக்ஸுக்குள் தோலைத் தொட வேண்டும்.

கால் டெஸ்டரில் காலை வேளையில் பலர் தோற்பார்கள். காலணிக்குள் இன்னும் வியர்வை ஈரம் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பத்து நிமிடம் கழித்து மறுபடி நிற்கச் சொல்லுங்கள், அதுவரை போர்டைத் தொட விடாதீர்கள்.

தரையின் தடை 1 ஜிகா ஓமுக்குள் இருப்பது மட்டும் போதாது. காலணியுடன் நடக்கும்போது உடலில் ஏறும் மின்னழுத்தம் 100 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் ஒரு மின்முனையைப் பிடித்துக்கொண்டு குறிப்பிட்ட வரிசையில் அடியெடுத்து வைக்கும் சோதனை இது. இதற்கான மின்னூட்டத் தட்டுக் கருவி விலை அதிகம், வாடகைக்கு எடுப்பதே சிறு கூடத்துக்கு லாபம். காலணியின் பிராண்டை மாற்றினால் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

தரையைத் துடைக்க ஃபினாயிலும் சோப்புத்தூளும் வேண்டாம். அவற்றின் படலம் தங்கிவிட்டால் நல்ல இஎஸ்டி தரையும் சில மாதங்களில் காப்புப்பொருளாக நடந்துகொள்ளும். துப்புரவுப் பணியாளரை அழைத்துக் காரணத்தோடு சொல்லுங்கள், சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் வேலை நடக்காது.

படி 7: அயனியாக்கி, தேவையானால் மட்டும்

படி 3-இல் அகற்ற முடியாத பிளாஸ்டிக் மிஞ்சியிருந்தால்தான் இது வேண்டும். சோதிப்பது மின்னூட்டத் தட்டுக் கருவியால்: தட்டை 1,000 வோல்ட்டுக்கு ஏற்றி, 100 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று நேர், எதிர் இரண்டு துருவத்திலும் பார்க்க வேண்டும். பிறகு எர்த் செய்த தட்டை விடுவித்து, அது எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். 35 வோல்ட்டைத் தாண்டினால் அயனியாக்கியே மின்னூட்டம் ஏற்றுகிறது என்று அர்த்தம். ஊசிகளில் தூசி படிந்தால் இரண்டு எண்களும் மோசமாகும். ஊசிகளை ஆல்கஹாலால் சுத்தம் செய்து பராமரிக்க ஆள் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

படி 8: உறைகள்

இளஞ்சிவப்புப் பை தானாக மின்னூட்டம் ஏறாது, ஆனால் வெளியிலிருந்து வரும் பாய்ச்சலைத் தடுக்காது. எல்லைக்கு வெளியே போகும் போர்டுக்கு உலோகப் படலம் கொண்ட வெள்ளிநிறப் பைதான் வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளைகளும் மடிப்புக் கோடுகளும் நிறையத் தெரிந்தால் அந்தப் பை ஓய்வுபெற வேண்டியது. ஸ்டேப்ளர் அடிப்பதை அடியோடு நிறுத்துங்கள். அந்தச் சிறு கம்பி உள்ளேயும் வெளியேயும் பாலம் போட்டுவிடுகிறது.

படி 9: மேட்டையும் தரையையும் அளப்பது

மல்டிமீட்டர் இங்கே உதவாது. அதன் சோதனை மின்னழுத்தம் மிகக் குறைவு, அளக்கும் எல்லையும் சில பத்து மெகா ஓமில் முடிந்துவிடும். 10 வோல்ட், 100 வோல்ட் இரண்டிலும் அளக்கும் மெகா ஓம் மீட்டரும், 2.27 கிலோ எடையும் 63.5 மி.மீ. விட்டமும் கொண்ட இரண்டு உருளை மின்முனைகளும் வேண்டும். எலக்ட்ரீஷியன் காப்புத்தடை அளக்கும் 500 வோல்ட் மெகர் இதற்கு ஆகாது, தவறான எண்தான் தரும்.

மேசையின்மேல் இருக்கும் போர்டுகளை எடுத்துவிடுங்கள், ஆனால் மேட்டைச் சுத்தம் செய்யாதீர்கள். அன்றாடம் எப்படி இருக்கிறதோ அப்படியே அளக்க வேண்டும். ஒரு மின்முனையை மேட்டின்மேல், ஓரத்திலிருந்து குறைந்தது 5 செ.மீ. உள்ளே வையுங்கள். மீட்டரின் மற்றொரு முனையை எர்த் முனையத்தில் இணையுங்கள். 10 வோல்ட்டில் தொடங்குங்கள். 1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் 100 வோல்ட்டுக்கு மாறி, 15 விநாடி கழித்துப் படியுங்கள். அளக்கும்போது மின்முனையை விரலால் தொடக்கூடாது, இரண்டு கம்பிகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கக்கூடாது. கைகள் அதிகம் உரசும் நடுப்பகுதி, ஸ்னாப்புக்குத் தொலைவான மூலை, ஃப்ளக்ஸ் படிந்த இடம் மூன்றிலும் அளந்து, மூன்று எண்களையும் எழுதுங்கள்.

தோற்றால் மட்டும் இப்போது சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது மேட் தயாரிப்பாளர் சொல்லும் திரவம் போதும், சிலிகான் கலந்த பாலிஷ் கூடாது. உலர்ந்த பிறகு மறுபடி அளந்து தேறினால், சுத்தம் செய்யும் இடைவெளியைக் குறையுங்கள். அப்போதும் தேறாவிட்டால் ஸ்னாப்பையும் எர்த் கம்பியையும் பார்த்துவிட்டுத்தான் மேட்டைக் குறைசொல்ல வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தரநிலை கட்டளையிடவில்லை, நீங்களே திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்ட்ராப்பும் காலணியும் தினமும், மேட் மாதம் ஒருமுறை, தரையும் அயனியாக்கியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எர்த் ஆண்டுக்கு ஒருமுறை என்று தொடங்கலாம். ஓராண்டு எண்கள் கையில் சேர்ந்த பிறகு, தொடர்ந்து நிலையாக இருப்பவற்றின் இடைவெளியை நீட்டலாம். மேட்டின் எண் 50 மெகா ஓமிலிருந்து 200-க்கு, பிறகு 600-க்கு ஏறிக்கொண்டே போவது தெரிந்தால், அது வரம்பைத் தொடும் முன்பே மாற்றிவிடலாம். தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் எழுதிவைப்பவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது.

தோல்வி வந்தால்

காலையில் ஒருவரின் ஸ்ட்ராப் தோற்றால், புதிய ஸ்ட்ராப் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். ஆனால் அந்தக் கம்பி எப்போது அறுந்தது? நேற்றுக் காலை தேறியது, இன்று காலை தோற்றது. நடுவில் அவர் தொட்ட அத்தனை போர்டுகளும் கேள்விக்குரியவை. நிலைமின்னால் பாதி அடிபட்ட சில்லு உங்கள் இறுதிச் சோதனையில் தேறிவிட்டு, வாடிக்கையாளர் கையில் சில மாதங்கள் கழித்துச் செயலிழக்கக்கூடும். அதைச் சோதித்துப் பிரித்தெடுக்க எளிய வழி எதுவும் கிடையாது. ஆகவே போர்டின் வரிசை எண்ணோடு எந்த மேசை, எந்த ஆள் என்பதையும் பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்தால் சந்தேகத்துக்குரியவற்றைத் தனியே எடுத்துவைத்து, கூடுதல் நேரம் ஓடவிட்டுச் சோதிக்கவாவது முடியும்.

விலை உயர்ந்த போர்டுகள் செய்கிறீர்கள் என்றால், வேலை முடிந்து கிளம்பும்போதும் ஒருமுறை ஸ்ட்ராப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். மாலையில் தேறியது என்றால் அன்றைய வேலை தப்பித்தது. மருத்துவக் கருவி, வாகன பிரேக் போன்றவற்றுக்கான போர்டுகளுக்கு அதுவும் போதாது. வேலை நேரம் முழுவதும் ஸ்ட்ராப்பைக் கண்காணித்து, தொடர்பு அறுந்தவுடன் ஒலி எழுப்பும் மானிட்டரை அந்த மேசைகளில் மட்டும் பொருத்துங்கள். இரட்டைக் கம்பி ஸ்ட்ராப்புடன் வேலை செய்யும் வகையை வாங்குவது நல்லது. ஒற்றைக் கம்பி வகைகளில் சில அடிக்கடி காரணமில்லாமல் ஒலி எழுப்புகின்றன, சலித்துப்போனவர்கள் அதன் ஸ்பீக்கர்மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள்.